நான்காவது கல்

குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டால் பலர் உடனே தண்ணீரை மாற்றிவிடுகிறார்கள். அது தவறு, மேடம். புதுத் தண்ணீர் விட்ட பத்தாம் நாள் முன்னைவிட அதிகமாகப் பச்சை கட்டும். பாசி அழுக்கு இல்லை. வெயிலும் சத்தும் தேவைக்கு மேல் கிடைத்தால் அது வளரும், இரண்டையும் குறைத்தால் அடங்கும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்பது குளம்தான். என் பெயர் கலியாணசுந்தரம், வயது அறுபத்து நான்கு. பட்டுச் சேலைக் கடை ஒன்றில் முப்பத்தொரு வருடம் சேலையில் குறை பார்க்கும் வேலை செய்தேன். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை மேசையில் விரித்து, முந்தியிலிருந்து கடைசிவரை பார்ப்பேன். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இழை விட்டிருந்தால்கூட என் விரலுக்குத் தெரிந்துவிடும். வேலையிலிருந்து நின்ற பிறகு இந்தக் கண்ணையும் விரலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இடம் சும்மா கிடந்தது. குளம் வெட்டினேன்.

பதினாறடி நீளம், பன்னிரண்டடி அகலம். இடுப்பளவு ஆழம். நடுவில் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் தாமரை. சீசனில் நாளைக்கு ஒரு பூவாவது மலரும். கரையிலிருந்து தாமரைக்குப் போக நான்கு தட்டைக் கருங்கற்கள் போட்டேன். நான்காவது கல்லில் நின்று குனிந்தால் பூ கைக்கு எட்டும். அதைச் சுற்றி அழகுக்காகச் சில முண்டுக் கற்கள். தண்ணீரில் பாதிக்கு மேல் இலை மூடியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது. அடியில் வளரும் வேலம்பாசி என்ற நீர்ச்செடி மிச்சச் சத்தைக் குடித்துவிடும். நூல்பாசி வந்தால் குச்சியை விட்டுச் சுற்றி எடுப்பேன், ராட்டையில் நூல் சுற்றுவதுபோல. மயில்துத்தம் போட்டால் ஒரே நாளில் பாசி ஒழியும் என்று உரக்கடைக்காரர் சொன்னார். ஆனால் குளத்தில் கப்பி மீன்கள் இருந்தன. அவை செத்து மிதக்கும். ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வீடு என் அண்ணன் ராமராஜனும் நானும் பாகம் பிரிக்காமல் வைத்திருந்தது. அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. முன்கட்டில் அண்ணி வடிவாம்பாள் இருக்கிறார், பின்கட்டில் நான். என் மனைவியும் இல்லை. எனக்கு ஒரே மகள், தேவிப்ரியா. சின்ன காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடுவாள். மீன்கள் வந்து விரலைக் கடிக்கும், கூச்சம் தாங்காமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் குளம். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரையில் ஒருநாள் அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சரத்து வேலைய வுட்டுட்டு இங்கியே வந்துடறேன்னு சொல்லிக்கினு இருக்கான்பா. பொண்டாட்டி புள்ளைங்களோட எங்க தங்குவான்? பின்னால ரெண்டு ரூம்பு போட்டுக்கலாம். இந்தக் கொளத்த மூடிடலாமா தம்பி?"

சரத்குமார் அவருடைய மகன், சென்னையில் இருக்கிறான். அண்ணி கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. அவருக்கும் அந்த இடத்தில் பாதி உரிமை உண்டு. நான் "சரி அண்ணி" என்றேன். மழைக்காலம் முடிந்து வேலையைத் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டோம். அண்ணிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த வாரம் நான்காவது கல்லைத் தேய்ப்பதை நிறுத்தினேன்.

மற்ற மூன்று கற்களையும் வழக்கம்போல் தேங்காய் நாரால் தேய்த்தேன். நான்காவது கல்லுக்கு நிழல் கொடுத்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தேன். அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் அதன்மேல் ஊற்றினேன். கழுநீர் பாசிக்கு நல்ல உணவு. மூன்றே வாரத்தில் கல் பட்டுபோல் ஆகிவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன், எங்கும் விட்டுப் போகாமல் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த முண்டுக் கல் ஒன்றைக் கூர் மேலே வரும்படி திருப்பி வைத்தேன். அப்படி வைத்தால் பார்க்கவும் நன்றாக இருந்தது.

அந்தக் கல்லில் நின்று பூப் பறிக்கிறவர் எப்போதும் அண்ணிதான். ஆனியில் ஒரு வேண்டுதலும் தொடங்கினார். தெருக்கோடி செல்லியம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் தினம் ஒரு தாமரை. மகன் நல்லபடியாக ஊர் திரும்பவேண்டும் என்று வேண்டியிருப்பார் என நினைத்தேன், கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் குளித்த ஈரக்காலோடு வருவார். சாமிக்குப் பறிப்பதால் செருப்புப் போடமாட்டார். ஒருநாள் நான்காவது கல்லில் லேசாக வழுக்கியது. தொட்டி விளிம்பைப் பிடித்து நின்றுகொண்டார்.

"பாத்து அண்ணி" என்றேன்.

"வயசாயிடுச்சிபா, காலு நிக்கமாட்டேங்குது" என்று சிரித்தார்.

நான் யாரையும் தள்ளவில்லை, மேடம். ஒரு கல்லைத் தேய்க்காமல் விட்டேன். குளம் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் தேய்க்காத கல் ஒன்று இருக்கும்.

ஆடி பிறந்த சமயம் வாலாஜாபாத்தில் எங்கள் பங்காளி பரசுராமன் இறந்துபோனார். எங்கள் இருவருக்கும் பதினாறு நாள் தீட்டு. சாமிக்குப் போகும் பூவை நாங்கள் தொடக்கூடாது. வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. பதினாறு நாள் கால் படாமல் இருந்தால் பாசி இன்னும் தடிக்கும்.

தீட்டின் ஐந்தாம் நாள் காலை ஆறு மணி இருக்கும். பின்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தென்னேரி ஏரியில் மதகு சரிசெய்கிறார்கள் என்று ஒரு செய்தி. சந்துப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கல்லில் எதுவோ மோதும் சத்தம், அதன்பின் தண்ணீர்ச் சத்தம். தண்ணீர் கொஞ்ச நேரம் அலைந்தது.

அண்ணிதான், தீட்டையும் மீறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். நான் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தியை முடித்தேன். பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் படித்தேன். பத்து நிமிடம் போதும் என்று தோன்றியது.

அப்போது முன்கட்டிலிருந்து அண்ணி காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"தம்பி, தேவி பூ பறிச்சிக்கினு போயிட்டாளா?"

அப்போதுதான் எழுந்தேன்.

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்காளித் தீட்டு கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மனசில் அவள் கடைசிவரை என் வீட்டுப் பெண்ணாகவே இருந்திருக்கிறாள், எங்களோடு சேர்த்து அவளுக்கும் தீட்டு என்றே நினைத்துவிட்டேன். வேண்டுதல் நிற்கக்கூடாது என்று அண்ணி அவளைக் கேட்டிருக்கிறார். முதல் நான்கு நாள் மார்க்கெட்டில் தாமரை வாங்கிக் கோயிலில் கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் அங்கே பூ வரவில்லை. அண்ணிக்குப் போனில் சொல்லிவிட்டு, வண்டியைக் கோயில் வாசலில் விட்டு, தீட்டு வீட்டுக்குள் நுழையாமல் சந்து வழியாக நேரே குளத்துக்கு வந்திருக்கிறாள். தாமரை கையிலேயே இருந்தது.

தலையில் பட்ட காயம் சின்னதுதான், மயக்கத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டாள், சற்று முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு எதுவும் ஆகவில்லை. காது கேட்டது, அவ்வளவுதான். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு கொழந்த வேணும்னுதாம்பா அம்மன வேண்டிக்கினேன். அப்பாகிட்ட சொல்ல வெக்கமா இருக்குது பெரீம்மான்னா. நான்தாம்பா அவள வரச் சொன்னேன். நானே கொன்னுட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி" என்று ஆறுதல் சொன்னேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

வழுக்கி விழுந்ததாகவே உங்கள் ஸ்டேஷனிலும் எழுதினார்கள். அது பொய் இல்லை. மருமகன் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணி சொன்னார்.

"கொளத்த மூட வாணாம் தம்பி. தேவி கடைசியா நின்ன எடம். சரத்து வேற வீடு பாத்துக்கட்டும்."

சரி அண்ணி என்றேன். இப்படியாகக் குளம் தப்பியது. யாரும் அதைத் தொடப் போவதில்லை. அதற்காக மகிழ்ச்சி வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மீனுக்குத் தீனி போட்டேன்.

தேவியைத் தூக்க இறங்கியவர்களின் கால் பட்டு நான்காவது கல் வெளுத்துப் போயிருந்தது. ஆவணி பிறந்ததும் அண்ணி மறுபடி பூப் பறிக்க வரத் தொடங்கினார். இந்த முறை தேவியின் படத்துக்கு. அதே ஈரக்கால். பாதி வழியில் அழுதுவிடுவார், கல்லைப் பார்த்துக் கால் வைப்பதில்லை. நான் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்து வைக்கத் தொடங்கினேன். மழை ஈரமும் சேர்ந்ததால் இந்தத் தடவை இன்னும் சீக்கிரமே பிடித்தது.

நேற்றுக் காலை ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் நின்றிருப்பார் போல.

"இன்னாபா இது? எல்லாக் கல்லையும் தேச்சிக்கினு, இந்த ஒண்ணுக்கு மட்டும் கழனித் தண்ணி ஊத்திக்கினு இருக்குற?"

அவர் கல்லைப் பார்த்தார், கூர் மேலே நிற்கும் முண்டுக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூக்கூடையைக் கரையில் வைத்துவிட்டு, வீட்டைக்கூடப் பூட்டாமல், வெறுங்காலோடு நடந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். நான் வீட்டிலேயே இருந்தேன். நீங்கள் வந்து குளத்தைப் பார்த்தீர்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று கவனித்திருப்பீர்கள், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. மகளும் போய்விட்டாள், குளத்தையும் மூடப் போவதில்லை, பிறகு யாருக்காகத் திரும்ப ஊற்றினீர்கள் என்று கேட்டீர்கள். நான் யோசிக்கவே இல்லை, உடனே சொன்னேன், தேவிக்காகத்தான், அவளை வரச் சொன்னது அண்ணிதானே என்று. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள். ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, மேடம்.