பயம் தெளியும் தண்ணீர்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

கோபால் என் மனைவி அம்பிகாவின் தம்பி. மாசியில் அவன், நான், தனசேகர் மூன்று பேரும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போனோம். முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்துவிட்டது. தனசேகர் என் காலைப் பிடித்துக்கொண்டார். விட்டிருந்தால் நானும் போயிருப்பேன். மூஞ்சியில் இரண்டு தடவை உதைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். டீசல் கேனைப் பிடித்து மிதந்துகொண்டிருந்த கோபால் அதைப் பார்த்துவிட்டான்.

கரைக்கு வந்ததும் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பொன்னேரியில் டாக்டர் என்னிடம் விவரமாகச் சொன்னார். ரத்தக் குழாயில் அடைப்பே இல்லையாம். பயத்தில் மூளை ஏதோ ஒரு சுரப்பை உடம்பு முழுக்கக் கொட்டிவிட, இதயத்தின் அடிப்பாகம் உப்பிப்போய்ப் பலமிழந்துவிட்டதாம். மருந்தில் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் இன்னொரு பெரிய பயம் வந்தால் தாங்காது என்றார். அம்பிகா அப்போது மருந்துக் கடையில் நின்றிருந்தாள். அவளிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். பெண்பிள்ளை, பாவம், கலங்கிப்போவாள்.

கோபால் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. தெருவில் எஞ்சின் சத்தம் கேட்டாலே வியர்த்துச் சட்டை நனைந்துவிடும். பிறகு ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கண்ண மூடினா தனசேகர் அண்ணன் மூஞ்சிதான் வருது. பச்சையம்மா அக்காகிட்ட சொல்லிட்றேன். புருஷன் எப்டி செத்தார்னு அதுக்குத் தெரியணும் இல்ல?"

"சொல்லலாம்டா. மொதல்ல உனுக்குப் பயம் தெளியட்டும்" என்றேன்.

எனக்குப் பயமில்லை சார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சோறுதான் இறங்கவில்லை.

பயந்த இடத்துத் தண்ணீரை மூன்று கை தலையில் ஊற்றினால் பயம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்பிகாவே கேட்டாள். "இன்னாய்யா, இன்னும் இட்டுனு போவாம இருக்குற? தம்பி இப்டியே கெடக்கணுமா?" அவள் பேச்சைத் தட்ட முடியுமா? காலை பத்து மணி, நல்ல வெயில். அவளே அவனைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றிவிட்டாள்.

முகத்துவாரத்தில் எஞ்சினை நிறுத்தினேன். படகைக் குறுக்கே திருப்பி அலைக்குக் கொடுத்தேன். மூன்று கை தண்ணீர் ஊற்றினேன். வழக்கத்தில் குறை வைக்கவில்லை. அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. படகு சாயச் சாய அவன் விளிம்பைப் பிடித்த கை வெளுத்தது. உதடு நீலம் பாய்ந்தது. கத்த வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கால்சட்டை நனைந்தது. நான் அவன் நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே வலையில் மாட்டிய மீன் அடிப்பது போல அடித்தது, நடுநடுவே நின்று நின்று அடித்தது.

பிரேதப் பரிசோதனையில் காயம் ஒன்றுமில்லை என்று வந்திருக்கும். நான் அவனை அடிக்கவில்லை, தள்ளவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பச்சையம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவானே, அந்தக் குடும்பமும் ஊரும் என் வீட்டு வாசலில் நிற்குமே என்றுதான் அங்கே கூட்டிப்போனேன். என் இடத்தில் இருந்து பாருங்கள், புரியும்.

கடைசியில் அவனுக்குக் குரல் வந்தது.

"கரைக்குப் போலாம் மாமா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அக்கா மேல சத்தியம்."

கோபால் அக்கா மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. சொல்லமாட்டான் என்று அந்த நிமிடமே எனக்கு உறுதியாகிவிட்டது, சார். அதற்குப் பிறகும் நான் எஞ்சின் கயிற்றை இழுக்கவில்லை. என் கைக்கு அடியில் அந்தத் துடிப்பு நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.