பத்துவரை எண்ணச் சொன்னது நான்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். நாலு பேருக்கு முன்னால் எழும்பிப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் வாசிக்க வேண்டும்.

ஓடுகிறோம். 1990, ஆவணி. காலை ஒன்பது மணி. பனங்காணிக்குள்ளால் ஓடுகிறோம். முன்னுக்கு நான். எனக்குப் பின்னால் மகள் ஜெசி. ஒன்பது வயது. கடைசியாக மனைவி பிலோமினா. அவளின் இடுப்பில் மகன் அன்ரன். நாலு வயது.

டும். ஆமி முகாம் பக்கம்.

"குத்திட்டான்! விழுந்து படுங்கோ!"

கத்தியது நான். படுத்தோம். வாயெல்லாம் மண். ஜெசி சத்தமாக எண்ணுகிறாள். அது நான் பழக்கியது. முகாமில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் விரலை மடக்கி எண்ண வேண்டும். எங்களுக்கு என்றால் பத்துக்குள் விழும். பத்தைத் தாண்டினால் வேறு யாருக்கோ. எழும்பி ஓடலாம். எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எண்ணினார்கள். ஜெசி ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

பத்து. தூரத்தில் வெடித்தது.

"தாண்டிட்டுது! எழும்புங்கோ அம்மா!"

பிலோமினா எழும்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

அவன் குத்தியது இரண்டு. எங்களுக்கு ஒரு சத்தமாகத்தான் கேட்டது. இரண்டாவது கூவிக்கொண்டு வந்தது.

பிறகு சத்தமில்லை. அன்ரனின் ஒற்றைச் செருப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அதற்கு மேல் எழுத ஏலாது.

ஜெசி அம்மாவை எழும்பச் சொன்னது என் காதில் விழுந்தது. அதைப் பற்றி அவளோடு நான் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் கதைக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

1992. ஜேர்மனி, பீலெஃபெல்ட். அகதிகள் விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரு அறை. நான் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுகிறேன். ஜெசி ஆறு மாதத்தில் இந்த நாட்டு மொழி டொச் கதைக்கிறாள். எனக்கு இன்றுவரை வாயில் வரவில்லை. வக்கீலிடம், வைத்தியரிடம், விசா அலுவலகத்தில், எங்கும் அவள்தான் எனக்கு வாய். பக்கத்து அறை மணியம் பகிடி விடுவார். "உமக்கென்ன காணும். மற்றவை மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலையினம். நீர் வீட்டிலையே வளர்க்கிறீர்." எனக்குப் பெருமையாக இருந்தது.

1993, வைகாசி. பள்ளிக்கூடத்தில் ரெர்மின், சந்திக்க நாள் குறித்திருந்தார்கள். வகுப்பு ரீச்சர் கூப்பிட்டிருந்தா. வழக்கம்போல ஜெசி நடுவில் இருந்தாள். ரீச்சர் நெடுநேரம் கதைத்தா. கண் கலங்கியிருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"நான் கணக்கிலை கெட்டிக்காரியாம் அப்பா."

"அதுக்கு ஏன் அவ அழுகிறா?"

"அழேல்லை. அவவுக்குத் தடிமன், சளி."

நான் சிரித்தேன். நன்றிக்கு டங்கே என்றேன். ரீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. ஒரு கடதாசியை நீட்டினா. நீந்தக் கூட்டிக்கொண்டு போகவாம் என்றாள் ஜெசி. தனக்கு விருப்பமில்லையாம். ஜெசி விரல் வைத்த பெட்டியில் புள்ளடி போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.

1995, மாசி. சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. தெருவில் பனி. தீயணைப்புப் படையின் சைரன் ஊதுகிறது. மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சோதிப்பார்கள். மற்ற மாதங்களில் அது ஊதினால் ஜெசி போர்வைக்குள் போவாள். அன்று வெளியே ஓடினாள். வெறும் கால். முற்றத்தில் மணியத்தின் கடைசி மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அவனை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தாள்.

"விழுந்து படு! எழும்பாதை! எழும்பாதை!"

நடுத்தெருவில் அவனுக்கு மேல் படுத்துவிட்டாள். கார் பிரேக் அடித்த சத்தம் இப்போதும் கேட்கிறது. கார் அவர்களில் முட்டவில்லை. விழுந்ததில் பிள்ளையின் கை முறிந்தது. ஜெசியை என்னால் எழுப்ப முடியவில்லை. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே கிடந்தாள். அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல்முறையாக எனக்கு ஒரு பெரிய ஆள் மொழிபெயர்த்தா. ஒரு தமிழ் அக்கா. வைத்தியர் கோப்பைத் திறந்து கேட்டார். அக்கா என்னிடம் திருப்பினா.

"ரெண்டு வருசத்துக்கு முதல் பள்ளிக்கூடம் உதவி தரக் கேட்டதாம் அண்ணை. நீங்கள் ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

"என்ன உதவி?"

"பிள்ளை கதவு அடிச்சாலும் மேசைக்குக் கீழை போய் எண்ணுறாளாம். போரிலை பயந்த பிள்ளையளைப் பார்க்கிற டொக்டர் ஒராள் இருக்கிறாவாம். கிழமைக்கு ஒருக்கா அனுப்பச் சம்மதமோ எண்டு கேட்டிருக்கினம். இது உங்கடை கையெழுத்துத்தானே?"

கோணல் கையெழுத்து. என்னுடையதுதான்.

"ஓம்" என்றேன்.

ஜெசி தன்னிடம் சொன்னது என்று வைத்தியர் இன்னும் ஏதோ சொன்னார். அக்கா அதையும் திருப்பினா.

"அம்மாவை எழும்பச் சொன்னது தான்தானாம். அது உங்களுக்குத் தெரியாதாம். அந்த டொக்டரிட்டைப் போனால் உங்களுக்குத் தெரிஞ்சுபோம் எண்டுதான் அண்டைக்கு மாத்திச் சொன்னவளாம்."

எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது தெரியாதது அவளுக்குத்தான்.

இப்போது அவள் பிள்ளைகளுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். பதினாறு வயது. டொக்டர் வருகிறா. நல்ல மனுசி. பிந்திவிட்டது என்று அவ சொல்லவில்லை. நான் ஞாயிறுகளில் போகிறேன். போன முதல் ஞாயிறே சொல்லிவிட்டேன். "நான் அண்டைக்கே கேட்டனான் பிள்ளை. உன்னிலை பிழையில்லை. எண்ணப் பழக்கினது நான்." அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன். அவள் மேசையைப் பார்க்கிறாள். விரல்கள் மடங்குகின்றன. பத்தில் நிற்பதில்லை. திரும்ப ஒன்று.

நீங்கள் உங்கள் பிள்ளைகளோடு கதையுங்கோ. எவ்வளவு கொடிய கதை என்றாலும் கதையுங்கோ. அவர்களைப் பற்றிய கதைக்கு அவர்களை மொழிபெயர்க்க விடாதையுங்கோ.

இழந்ததை எழுதுகிறேன். பிலோமினா, முப்பத்திரண்டு வயது. அன்ரன், நாலு வயது. ஒரு வீடு. ஒரு வள்ளம், இரண்டு வலை. மணியத்தின் சினேகிதம். ஜெசியின் பள்ளிக்கூடம். அவளின் குரல்.

ஜெசி உயிரோடு இருக்கிறாள். அவளை இதில் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இன்றும் தெரியவில்லை.

16 கார்த்திகை 1997, ஞாயிறு.