இடது பின் டயர்

உங்க வண்டியில பின்னாடி இடது டயர் திருப்பி மாட்டியிருந்துது சார். அவ்ளோதான் விஷயம். உள்பக்கம் வெளிய, வெளிப்பக்கம் உள்ள. சக்கரம் சுத்தற பக்கம் காட்டற அம்புக்குறி பின்னாடி பாத்துகினு இருந்துது.

குந்துங்க. நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது.

தெரியும். ஒண்ணு மாத்தச் சொன்னீங்க, நாலும் மாத்தியிருக்கேன். போன் பண்ணேன், மீட்டிங்குன்னு வெச்சிட்டீங்க. இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, கயட்டிடறேன். ஆனா ஒண்ணு மட்டும் மாத்தி இந்தக் கடையில இருந்து அனுப்ப மாட்டேன். பங்காருபேட்டையில நாலு கடை இருக்குது, அங்க போங்க.

ஏனா. இது சாதா காரு இல்ல சார். எஞ்சின் முன்னாடியும் இல்ல, கடைசியிலயும் இல்ல, உங்க முதுகுக்குப் பின்னால நடுவுல குந்தினு இருக்குது. கனம் பூரா பின் ரெண்டு டயர் மேல. முன்னாடி வழுக்குனா ஸ்டீயரிங்ல தெரியும். பின்னாடி வழுக்குனா, தெரியறதுக்குள்ள வண்டி வந்த வழியப் பாத்துகினு நிக்கும். அந்த ரெண்டும் ஜோடியா இருக்கணும். உங்குளுது வலது ஒரு கம்பெனி, இடது வேற கம்பெனி. மழையில ஒண்ணு புடிக்கும், ஒண்ணு விட்டுடும்.

முன்னாடி ரெண்டுல பட்டன் தேயாமதான் இருந்துது, நான் இல்லன்னு சொன்னனா? ரப்பரு செத்துப்போச்சி. ஓரத்துல நாலு நம்பரு இருக்கும், வாரமும் வருசமும். ரெண்டாயிரத்துப் பதினெட்டு. நகத்த வெச்சி அமுக்குங்க, நகம்தான் ஒடியும்.

பெங்களூர்ல ராகேஷுன்னு மொத்த யாவாரம் பண்றவன் மூணு டயர் சொன்னான். ஒண்ணு ரேஸ் டயர். காஞ்ச ரோட்டுல ஒட்டிகினு ஓடும், தண்ணிய கண்டா அவ்ளோதான். ஒண்ணு சத்தமே வராதாம். பக்கம் தொளதொளன்னு கெடக்குது, இந்தக் கனத்துக்கு ஆவாது. மூணாவது, மேல வெட்டியிருக்கற காடி ஆழம், தண்ணி வெளிய ஓடும். அத்த போட்டேன்.

பாக்க நல்லா இல்லியா. டயர பாக்கறதுக்கா வாங்கறாங்க.

திருப்பி மாட்டுனது எப்பிடித் தெரியும்னா, அம்புக்குறி ஒண்ணு. இன்னொண்ணு தேய்மானம். இந்த மாதிரி வண்டியில பின் சக்கரம் ரெண்டும் தலைய உள்ள சாச்சினு நிக்கும். அதனால உள் ஓரம்தான் தேயும். உங்குளுது வெளி ஓரம் மொட்டை. அந்த மொட்டைய பாத்துட்டுத்தான் நீங்களே மாத்த வந்தீங்க. யாரோ தேஞ்ச ஓரத்த வெளிய திருப்பிப் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு பாத்திருக்கான்.

யாருன்னா இன்னா சொல்றது. டீ ஆறுது, குடிங்க.

இன்னா சொன்னான் உங்களுக்கு வித்தவன்? முன்னாடி ஓட்டுனவன் குடிச்சிட்டு நூத்தி அறுவதுல போயி அடிச்சானாமா. நூத்தி அறுவது. முதல்ல நூறுன்னாங்க. அப்பறம் நூத்தி இருவது. செத்தவன் வேகம் வருசா வருசம் ஏறுது சார்.

அவன் குடிக்க மாட்டான். ஞாயித்துக்கிழம புத்த விகார்ல பஞ்சசீலம் சொல்றவன், குடிக்கக் கூடாதுங்கற அஞ்சாவத ஒரு நாளும் மீறல. வேகமும் இல்ல. அறுவதுல போயிருப்பான். அடுத்தவன் வண்டின்னா அம்பது.

எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்க வேண்டியதுதான்.

இந்த வண்டி அப்ப மஞ்சள். நீங்க சாம்பல் கலர்ல கொண்டாந்து வுட்டீங்க, எனக்கு அடையாளம் தெரியல. எஞ்சின் ஆறி ஆறு நாளாவுது, டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துகினே கெடக்குது. கடையில இருக்கற பொண்ணக் கேட்டா ஒண்ணும் கேக்கலன்னுது. சீட்டு வேற. நான் முன்னாடி தள்ளி வெச்சிட்டுப் போறேன், காலைல வந்தா கடைசிக்குப் போயிருக்குது. ஆறடி ஆளு குந்துற மாதிரி. நீங்க அஞ்சே கால் இருப்பீங்களா.

சீட்டு தானா நகர்ற மெமரி பட்டனா. இருக்கும். இருக்கட்டும்.

அவன் பேரு பிரசாந்த். பெங்களூர்ல பாரின் வண்டி பாக்கற ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக்கு. வேல முடிஞ்ச வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்னு ஞாயித்துக்கிழம கொண்டாந்தான், முதலாளி சொல்லித்தான் கொண்டாந்தான், திருடல. நேரா இந்தக் கடைக்கு வந்தான். இடது பின் டயர் உள் ஓரம் தேஞ்சிருக்குது, புதுசு வர பத்து நாளாவும், அதுக்குள்ள இன்னா பண்றதுன்னு கேட்டான்.

கடையில இருந்தவன் பழைய ரோப்பு ஆளு. தங்க மைன்ல இருவத்தி நாலு வருசம், ஆளுங்கள குழிக்குள்ள எறக்கற கேஜோட ரோப்பு வேல. ரோப்பு ஒரு முனை தேஞ்சா தூக்கிப் போட மாட்டோம் சார். கயட்டி, தேஞ்ச முனைய அந்தாண்ட போட்டு, அந்த முனைய இந்தாண்ட கொண்டாருவோம். ஆறு மாசம், எட்டு மாசம் ஓடும். ஆயிரக்கணக்கான பேரு அதுல எறங்கி ஏறுனாங்க, ஒண்ணும் ஆவல. அந்தப் புத்தியில டயரயும் திருப்பிப் போட்டான். ரோப்புல அம்புக்குறி கெடையாது.

ஆமா. நான்தான். வேற யாரு.

பையன் கேட்டான், இப்பிடிப் போடலாமான்னு. நீ பொறக்கறதுக்கு முன்னாடில இருந்து பண்றேன், மூடுன்னேன். மூடிட்டான்.

மூணு மணிக்குக் கெளம்புனான். பூதிகோட்டை பக்கம் போயி சுத்திகினு வரேன்னான். மழை புடிச்சிகிச்சி. தண்ணிய வெளிய தள்ளற காடி அன்னிக்கி உள்ள இழுத்துது. வண்டி சுத்தி, ரோட்டோர கல்வெர்ட்டு செவுத்துல வலது பக்கம் கதவுல இருந்து பின்னாடி மோதியிருக்குது. அவன் குந்தின பக்கம். இடது பக்கம் ஒரு கீறல் இல்ல. அதான் வலது டயர் மாத்துனாங்க, இடது அப்பிடியே இருந்துது. அடிபட்ட வண்டி போடற யார்டுல வருசக்கணக்கா கெடந்து, பெயின்ட் அடிச்சிகினு, உங்களைப் புடிச்சிகினு இங்கயே வந்து நிக்குது.

போலீசு வேகம்னு எழுதினான். எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். பையனுக்கு வேகம் ஜாஸ்தியான்னு கேட்டான். தலையாட்டுனேன். அவ்ளோதான் சார் நான் பண்ணது. ஒரு தடவ தலையாட்டுனேன். அடுத்தவன் காருல சீன் போட்டு செத்தான்னு அவன் பொண்டாட்டி மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. ஆறு வருசமா சொல்றாங்க. நான் கேட்டுகினு சும்மா இருந்தேன்.

அழல. தூசி. நீங்க டீய குடிங்க.

இவ்ளோ கரெக்டா எப்பிடி அந்த டயர்தான்னா, அதுவும் ரோப்பு பழக்கம்தான். மாத்திப் போட்டா, போட்ட தேதிய வெள்ளப் பெயின்ட்ல எழுதணும். எழுதலன்னா மேஸ்திரி செருப்ப கயட்டுவான். டயருக்கு உள்பக்கம் எழுதிட்டுத்தான் மாட்டினேன். பதினொண்ணு, எட்டு, பத்தொம்பது. என் கையெழுத்து. மழைபடாத எடம், நேத்து எழுதுன மாதிரி இருந்துது.

பாத்தது நான் இல்ல. எனக்கு இப்ப குனிய வராது, மிஷின் அந்தப் பொண்ணுதான் பாக்குது. முந்தாநாள் டயர ரிம்முல இருந்து எடுத்துச்சி. எடுத்துட்டு உள்ள பாத்துகினே நின்னுது. அந்தத் தேதிய அது மறக்குமா. ஒவ்வொரு வருசமும் அன்னிக்கி அது சோறு தின்னாது.

இது நீங்க எழுதுனதான்னு கேட்டுது. ஆமான்னேன்.

கத்தல. உங்க நாலு புது டயரையும் மாட்டிச்சி. ஒவ்வொண்ணுலயும் அம்புக்குறிய விரல வெச்சித் தடவிப் பாத்துது. அப்பறம் ஒரு வெள்ளத் தாள் எடுத்துகினு வந்து எதிர்ல குந்திச்சி. சொல்லுன்னுது. என்னைய அது நீன்னு சொன்னதே கெடையாது. சொன்னேன். எழுதிச்சி. கையெழுத்து போட்டேன்.

பழைய டயரா. மூணு அந்த மூலையில கெடக்குது, எடுத்துக்கோங்க. உங்க டிக்கி முன்னாடி சட்டி மாதிரி இருக்குது, ஒண்ணு புடிச்சா அதிகம்.

நாலாவது இங்க இல்ல சார். உங்க டயர்தான், கேக்காம குடுத்தது தப்புதான். ஸ்டேஷன்ல இருந்து உங்களுக்குப் போன் வரும், மீட்டிங்குன்னு வெச்சிடாதீங்க. மூடுன கேச தெறப்பானான்னு தெரியல. தெறக்கறவரைக்கும் அங்கயே குந்துவேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது.

எனக்கா, ஆறு வருசத்துல அந்தப் படி ஏற வரல. காலைல ஆட்டோவுல, டயர மடியில வெச்சிகினு, அந்தத் தாளையும் எடுத்துகினு போனது அந்தப் பொண்ணுதான்.

எம் மருமக சார். எம் பையன் பிரசாந்த் பொண்டாட்டி. கயல்விழி.