நாடிப்படி அடுக்கிய படங்கள்

ஒரு டப்பா இடம் மாறி இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளியவன் அப்படித்தான் இருப்பான், இன்ஸ்பெக்டர் சார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சி.டி. கடை வைத்திருந்த ஜோஸ், கடையை மூடியபோது படங்களையெல்லாம் மூட்டை கட்டி ஸ்ரீரங்கத்துக்கு, என் வீட்டுக்கே அனுப்பிவிட்டான். காதல், சண்டை, நகைச்சுவை என்று பிரித்து அடுக்கினேன். பார்க்க வந்த ஜோஸ் சிரித்தான்.

"ஜனங்க ஒரே படத்துக்குச் சிரிச்சுக்கிட்டே அழுவுறாங்களே சார், அதை எங்க வைப்பீங்க?"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் அலமாரியைக் கலைக்கத் தோன்றும். கடைசியில் வழி பிடிபட்டது. படத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது, பார்க்கிறவரின் நாடியை வைத்துப் பிரிக்க வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டினால் நாடித்துடிப்பை எண்ணாகக் காட்டும் கருவி வீட்டில் கிடந்தது. என் மனைவி வைஜயந்தி இருந்தாள். படம் என்றால் பச்சைக் குழந்தை மாதிரி ஒன்றிவிடுவாள்.

ஆனால் எந்தப் படத்துக்கும் எண் ஏறவில்லை. எல்லாம் ஒரே தட்டில் போய் உட்கார்ந்தன. எரிச்சலாக வந்தது. அப்புறம் வைகுண்ட ஏகாதசி வந்தது. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவள், பசி தெரியாமல் இருக்கப் படம் போடச் சொன்னாள். எண் துள்ளியது. ஏகாதசியன்று அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. இதய மாத்திரையும் கிடையாது. அந்த மாத்திரைதான் இத்தனை நாளும் நாடியை அடக்கிவைத்து என் வேலையைக் கெடுத்திருக்கிறது.

தினமும் ஏகாதசி வருமா? அவளுடைய மாத்திரை டப்பாவை நிரப்புவது எப்போதும் என் பொறுப்பு. அதே வெள்ளையில், அதே அளவில் சத்து மாத்திரை கிடைக்கிறது. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. அலமாரி முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்று இருந்தேன்.

அலமாரி அழகாக வந்தது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஜோஸ் சொன்ன மாதிரியான படம். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டேன்.

"ஏன்னா, மாரை என்னவோ பண்றது. நிறுத்துங்கோளேன்."

"இன்னும் கொஞ்சம்தான். முடிஞ்சுடும்."

எண் அதுவரை போகாத உயரத்துக்குப் போனது. பிறகு வெறும் கோடு காட்டியது. படம் முடிந்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மாத்திரை விஷயத்தை நானாகத்தான் வந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் அந்த அடுக்குமுறை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் புருஷனும் பெண்டாட்டியை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்க மாட்டான்.

நேற்று என் மகள் ஜாஹ்னவி கேட்டாள். "அந்தப் படம் அம்மாக்கு ரொம்பப் பிடிக்குமேப்பா. கடைசியில சிரிச்சிண்டிருந்தாளா, அழுதாளா?"

தெரியவில்லை சார். நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.