புதன் பின்னேரம் வரைக்கும்

பேக்கப் எடுக்கிறது பல்லுத் தீட்டுற மாதிரி எண்டு நான் எப்பவும் சொல்லுறனான். ஒவ்வொரு நாளும் செய்யவேணும். பல்லுக்கொதி துவங்கினாப் பிறகு தீட்டிப் பிரயோசனமில்லை. எங்கட ஒஃபிஸிலை ஒருத்தரும் அதைக் காதிலை போடேல்லை. பெரியவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை, "றொபேட், நீர் உந்தப் பேக்கப் ரேப் நாடாவளை அடுக்கி வீடு கட்டப்போறீரோ" எண்டு பகிடி விடுவார். பேந்து ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்க் செத்துப்போச்சு. அண்டைக்கு அதே மனிசன் வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.

உங்கட றெக்கோடர் ஓடுதுதானே? நல்லது. வீட்டை போனவுடன அதையும் ஒரு கொப்பி எடுத்து வேறை இடத்திலை வையுங்கோ. எங்கட ஒஃபிஸை நடத்துற நிலையத்துக்காரர் உங்களை, ஒரு தமிழ் லோயரை, அனுப்பினது நல்லதாப் போச்சு. உதை இங்கிலீசிலை சொல்ல வெளிக்கிட்டால் நான் ஏதோ பெரிய கள்ளன் மாதிரித் தெரியும்.

நாங்கள் செய்தது நல்ல வேலை. அதை முதல் பதிஞ்சுகொள்ளுங்கோ. ரொறன்ரோ பார்க்டேலிலை ஒரு பழைய தளபாடக் கடைக்கு மேலை ரண்டு அறை, அவ்வளவுதான். தொண்ணூத்தஞ்சு யாழ்ப்பாண இடப்பெயர்வோடை சனம் சிதறிப்போச்சு. தேப்பன் வன்னியிலை, தாய் இந்தியாவிலை ஒரு முகாமிலை, பிள்ளை ரொறன்ரோவிலை. அந்த விபரமெல்லாத்தையும் கொம்பியூட்டரிலை ஏத்தி வைச்சிருந்தம். ஒரு அட்டவணையிலை தேடுற ஆக்கள், மற்றதிலை கண்டுபிடிச்ச ஆக்கள். சென்னையிலை எங்களோடை சேந்து வேலை செய்த ஒரு ஒஃபிஸ் இருந்தது. அவை முகாம் முகாமாப் போய்ப் பதிஞ்சு, ரெலிபோன் லைனிலை எங்களுக்கு அனுப்புவினம். ரண்டு பக்கமும் ஒரே ஆள் எண்டு கண்டால் அதுக்கு நாங்கள் சொல்லுறது பொருத்தம். அந்தப் பேரை வைச்சவ பாலேஸ்வரி அம்மா, மகனைத் தேடி ஸ்காபரோவிலையிருந்து வாற ஒரு மனிசி. "தம்பி, என்ர மோனுக்குப் பொருத்தம் சரிவந்ததோ?" எண்டு கலியாணப் புரோக்கரைக் கேக்கிற மாதிரிக் கேப்பா. எங்களுக்கும் அது வாயிலை ஒட்டிப்போச்சு.

மெசின் தானாப் பொருத்தம் பாக்காதோ எண்டு கேப்பியள். வெள்ளைக்காரன் எழுதின புரோகிராம், அது கடைசிப் பேரைக் கேக்கும். எங்களுக்குக் கடைசிப் பேர் எங்கை இருக்கு? எனக்கு ஒரு பேர், அதோடை தேப்பன்ர பேர், முடிஞ்சுது கதை. ஒருத்தர் மாக்கஸ் சூசைதாசன் எண்டு எழுதுவார், அதே ஆளை இன்னொருத்தர் சூசைதாசன் மாக்கஸ் எண்டு பதிவார். பொம்பிளையள் கலியாணத்தோடை தேப்பன்ர பேரை விட்டிட்டுப் புருசன்ர பேருக்கு மாறியிருப்பினம். மெசினுக்கு எல்லாரும் வேறை வேறை ஆக்கள். அதாலை புதுசா வாறதை எல்லாம் நான்தான் ஒவ்வொண்டாக் கண்ணாலை பாத்துப் பொருத்துறது. வேறை ஒருத்தரும் அந்தப் பக்கம் வாறதில்லை.

மாக்கஸ் சூசைதாசன் எண்டதை உதாரணத்துக்கு எண்டு சொல்லேல்லை. அவர் எங்களிட்டைத் தேடி வந்த மக்டலீன் எண்டவவின்ர புருசன். மக்டலீன் மகளையும் கொண்டு முதல் வந்திட்டா, அவர் பிறகு வாறதெண்டுதான் ஏற்பாடு. இடப்பெயர்வோடை அவற்ற சிலமன் இல்லை, உயிரோடை இருக்கிறாரோ எண்டும் தெரியாது. மக்டலீனுக்கு மிசிசாகாவிலை, பிளேனுக்குச் சாப்பாடு கட்டிற இடத்திலை வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ், சப்வே, ஸ்ட்றீட்கார் எண்டு மாறி மாறி எங்கட படியேறி வருவா. வரேக்கை எனக்கு ரண்டு மூண்டு சின்னச் சீஸ் பக்கெற் கொண்டருவா. "றொபேட் அண்ணை, ஏதும் வந்ததோ?" எண்டு கேப்பா. "இன்னும் இல்லை, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு நான் சொல்லுவன். அவ ஜன்னலுக்குப் பக்கத்திலை இருந்து குடிப்பா. குளிருக்கை அவ்வளவு தூரம் என்னைத் தேடி வாறதுக்கு எனக்கு ரொறன்ரோவிலை வேறை ஆர் இருந்தது? சீஸ் எனக்குப் பிடிக்காது. எண்டாலும் ஒண்டும் எறியேல்லை, எல்லாம் ஃபிறிட்ஜிலை கிடக்குது.

இப்ப அந்தக் கிழமைக்கு வருவம். வியாழக்கிழமை மத்தியானம் சென்னையிலையிருந்து ஒரு பெரிய தொகுதி வந்தது. நான் அதை ஏத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு போறன், சூசைதாசன் மாக்கஸ். வயது சரி, ஊர் குருநகர் சரி, மனிசி மக்டலீன், ஒரு மகள். ராமேஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு முகாமிலை உயிரோடை இருக்கிறார். நான் சந்தோசப்பட்டனான், அதை நீங்கள் நம்பவேணும். பின்னேரம் வீட்டை போற வழியிலை சனிக்கிழமைக்கெண்டு ஒரு சின்னக் கேக் கூட ஓடர் குடுத்திட்டுத்தான் போனனான். அந்தப் பதிவை அண்டைக்கே அழிச்சிருக்கலாம். நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.

வெள்ளி விடிய டிஸ்க் செத்துப்போச்சு. நான் ஒண்டும் செய்யேல்லை, அது தன்பாட்டிலை செத்தது. ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை தலையிலை கை வைச்சுக்கொண்டு இருந்திட்டார். "ஐயோ றொபேட், இவ்வளவு சனத்தின்ர விபரமும் போச்சோ?" எண்டார். "ஒண்டும் போகாது அண்ணை, பொறுங்கோ" எண்டு நான் சொன்னன். என்னட்டை ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு ரேப் இருந்தது. அதுக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் மெசின் புறம்பா இன்னொரு டிஸ்கிலை குறிச்சு வைச்சிருக்கும். லொக் எண்டு சொல்லுறது. முதல் ரேப்பிலை இருக்கிறதை இறக்கி, அதுக்கு மேலை லொக்குகளை வரிசையா ஏத்தினால் கடைசியா விட்ட இடத்துக்கு வந்திடலாம்.

கவனமான ஆக்கள் நேரை எல்லாரும் பாவிக்கிற பெரிய மெசினிலை கை வைக்கமாட்டினம். பின் அறையிலை சோதனைக்கெண்டு இன்னொரு மெசின் கிடந்தது. முதல் அதிலை முழுசா ஒரு கொப்பி இறக்கிப் பாத்தன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் அப்பிடியே எழும்பி வந்திட்டுது, ஒரு ஆள் குறையேல்லை. பிறகு பெரிய மெசினுக்கு வந்தன். அங்கை ஒரு வசதி இருக்கு. எந்த நேரம் வரைக்கும் திருப்ப எண்டு நாங்கள் சொல்லலாம். ஆரும் பிழையா ஏதும் அழிச்சுப்போட்டால் அதுக்கு முந்தின நேரத்துக்குப் போறதுக்காக வைச்சிருக்கிறது. நான் அதிலை கனநேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தன் எண்டு நினைக்காதேங்கோ. புதன் பின்னேரம் ஆறு மணி எண்டு அடிச்சன். அப்பிடித் திறந்தால் அதுக்குப் பிறகான லொக்கை அந்த மெசினிலை பேந்து ஏத்தேலாது. அதுக்கு வியாழக்கிழமை எண்டு ஒண்டு நடக்கவேயில்லை.

வியாழனின்ர லொக் பழுது எண்டு சொன்னன். ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை. சென்னைத் தொகுதி வந்ததே என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை, "உம்மாலைதான் இந்தச் சனம் பிழைச்சது" எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னார். சனிக்கிழமை கேக்கை வெட்டினம். மக்டலீனும் ஒரு துண்டு சாப்பிட்டவ. "ஏதும் வந்ததோ அண்ணை?" எண்டு கேட்டா. இன்னும் இல்லை எண்டு சொன்னன். பெரிய மெசினிலை உண்மையாவே இல்லைத்தானே.

அந்தத் தொகுதியிலை மாக்கஸ் மட்டும்தானோ எண்டு கேக்கிறியள். இல்லை. அது பெரிய தொகுதி எண்டு முன்னமே சொன்னன்.

பாலேஸ்வரி அம்மாவின்ர மகனும் அதிலைதான் இருந்தவன். ஒரு கால் போய் ஆசுப்பத்திரியிலை கிடந்தவன், ஆனால் உயிரோடை. மிச்ச ஆக்களை நான் கையாலை திருப்பி ஏத்தியிருக்கலாம்தான். ஏத்தினால் இவையள் எங்கையிருந்து வந்தவை, மற்றவை எங்கை எண்டு ஆரும் கேப்பினம். அதோடை ஒராளை விட்டிட்டு மற்றவையை ஏத்தினால் அது ஓரவஞ்சகம் இல்லையோ? எல்லாருக்கும் ஒரே நியாயம் எண்டு விட்டிட்டன். அம்மா வந்துகொண்டுதான் இருந்தவ. நான் கிறிஸ்தவ வேதக்காரன் எண்டு தெரிஞ்சும் என்ர நெத்தியிலை திருநீறு பூசி, "நீ நல்லாயிருக்கவேணும் தம்பி" எண்டு சொல்லுவா. அடுத்த மாரிக்குள்ளை நெஞ்சு வருத்தம் வந்து மோசம் போயிட்டா. செத்தவீட்டிலை பெட்டி தூக்க ஆள் காணாது. முன்பக்கம் நான்தான் பிடிச்சனான், மகன்ர இடம் அது. உங்களிலை எத்தினை பேர் அவவுக்கு அதைச் செய்திருப்பியள்?

பிறகு சென்னையிலையிருந்து மாக்கஸைப் பற்றிக் கேட்டினம். அவை பதிய முகாமுக்குப் போற நேரமெல்லாம் அந்த ஆள் வந்து வாசலிலை நிக்கிறார், கனடாவிலை மனிசி பிள்ளை ஏதும் பதிவு இருக்கோ எண்டு. மக்டலீன் மாக்கஸ் எண்ட பேரிலை தேடுறன் எண்டு சொல்லி ஒரு நாள் எடுத்தன். பேந்து, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை எண்டு அனுப்பினன். அது மட்டும் நான் என்ர கையாலை அடிச்சது. மற்றது எல்லாம் மெசின் செய்தது.

அவர் அதுக்குப் பிறகு முகாமிலை இருக்கேல்லை. கனடாவிலை இல்லையெண்டால் ஊரிலைதான் இருப்பினம் எண்டு நினைச்சிருப்பார். மன்னாருக்கு வள்ளம் ஏறினவர். வள்ளம் கவிண்டு, பிரேதம் கரையொதுங்கினதெண்டு சென்னைக்காரர் அனுப்பினவை. அதை நான் அண்டைக்கே பெரிய மெசினிலை ஏத்தினன், ஒரு நிமிசம் பிந்தேல்லை. நீங்கள் வேணுமெண்டால் பாக்கலாம். காணாமல் போன மற்றப் புருசன்மாரைப் போல அவற்ற முடிவும் தெரியாமல் மக்டலீனை அந்தரத்திலை விட எனக்கு மனம் வரேல்லை. செத்ததுக்கு அத்தாட்சி இல்லாமல் எங்கட வேதக் கோயிலிலை ரண்டாம் கலியாணம் எழுதமாட்டினம், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை நானே சொன்னன். கையிலை தேத்தண்ணிக் கோப்பையோடை இருந்தவ. கத்துவா எண்டு நினைச்சன், கத்தேல்லை. "எவ்வளவு காலம் அந்த முகாமிலை இருந்தவராம் அண்ணை?" எண்டு கேட்டா. ரண்டு வருசத்துக்குக் கிட்ட எண்டு சொன்னன். அப்ப என்னை நிமிந்து பாத்து, "ரண்டு வருசமா நான் உங்கட்டைத்தானே வந்துகொண்டு இருந்தனான்" எண்டா. மெசின் கடைசிப் பேரைத்தான் பாக்கும், எங்கட பேருகள் அதுக்குப் பிடிபடாது எண்டு விளங்கப்படுத்தினன். கோப்பையை ஜன்னல் கட்டிலை வைச்சிட்டு எழும்பிப் போனா. பேந்து வரேல்லை. நானும் எத்தினையோ சனிக்கிழமை தேத்தண்ணி போட்டு வைச்சுப் பாத்தன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ரண்டாயிரமாம் வருசம் பிறக்கேக்கை கொம்பியூட்டரெல்லாம் குழம்பும் எண்டு எல்லா ஒஃபிஸும் ஓடித் திரியுது, எங்கட ஆக்களும் இஞ்சை படிச்ச நிலாணி எண்ட பிள்ளையை வேலைக்கு எடுத்தவை. கெட்டிக்காரி. ஒவ்வொரு மெசினாத் திறந்து பாத்துக்கொண்டு வந்து, பின் அறை மெசினிலை நான் அண்டைக்கு இறக்கின அந்தக் கொப்பியைக் கண்டிட்டாள். "றொபேட் அங்கிள், why are these people alive in here?" எண்டு கேட்டாள், இந்தச் சனம் ஏன் இதுக்குள்ளை உயிரோடை இருக்கினம் எண்டு.

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன். நான் ஒருத்தரையும் அழிக்கேல்லை. அழிக்கிற ஆள் கொப்பி வைச்சிருப்பானோ? இந்த மூண்டு வருசமும் அந்தக் கொப்பிக்கும் பேக்கப் எடுத்துக்கொண்டுதான் வந்தனான், ஒரு நாள் தவறவிடேல்லை. வெறுமன வைச்சிருக்கவும் இல்லை. அந்தத் தொகுதியிலை வந்த ஆக்களுக்கெல்லாம் இருந்து பொறுமையாப் பொருத்தம் பாத்து முடிச்சிருக்கிறன். அதிலை பாலேஸ்வரி அம்மாவுக்கு மகன் கிடைச்சிட்டான். மாக்கஸும் மக்டலீனும் எப்பவோ சேந்திட்டினம். வள்ளம் கவிண்ட விசயத்தை நான் அதுக்குள்ளை ஏத்தேல்லை, அம்மாவின்ர சாவையும் ஏத்தேல்லை. ஏன் வீணா அவையைக் கஸ்டப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்.

பொய் சொன்னன், ஓம். வந்த சனத்தை வராமல் பண்ணினதும் நான்தான். எழுதித் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்தப் பின் அறை மெசினை உங்கட ஆக்கள் தூக்கிக்கொண்டு போகப்போகினமாம். பிளக்கைப் பிடிச்சு இழுத்துப்போட விடாதேங்கோ. நிலாணியைக் கூப்பிட்டு ஆறுதலா, ஒழுங்கா நிப்பாட்டச் சொல்லுங்கோ. உள்ளுக்கை சனம் இருக்குது. அதிலை ஒரு ஆளுக்கு ஏதும் நடந்தாலும் நான் தாங்கமாட்டன்.