டிசம்பரில் போக வேண்டிய இடங்கள்

— பைய அந்த மேச மேல வைங்க தம்பி. கீழ வைக்காதீங்க, எங்கள தங்க வச்சிருக்கிற இந்த இஸ்கூல் தரையெல்லாம் ஈரம்.

— இல்லம்மா, ஒங்கட கையில தந்திட்டுத்தான் போவன். லக்ஷிகாட சாமான் எல்லாம் இதிலதான் ஈக்கி. போர்டிங் அக்கா மடிச்சித் தந்தா. நீங்கதான் அவட அம்மா எண்டு வாசல்ல ஒரு பொம்பள காட்டினாங்க.

— ஆமா சாமி, நாந்தான் குணமணி. நீங்க யாரு?

— நான் ஜாபிர். புறக்கோட்டையில லக்ஷிகா வேல செஞ்ச துணிக்கடைக்கு அடுத்த கடை எங்கட. போன் திருத்துற கடை. எனக்கு ஊரு பதுளைதான்.

— ஜாபிரா.

— ஓம்மா. அவள... எடுத்திட்டாங்களா?

— இன்னும் இல்ல. மண்ணு மூடி இன்னையோட பதினோரு நாளு. அதோ கேக்குதே, அது பெக்கோ மெஷினு மண்ணத் தோண்டுற சத்தம். அது ஓடுற வரைக்கும் எங்களுக்கு ஒரு சேதியும் இல்ல. திடீர்னு நின்னுச்சின்னா இங்க இருக்கிற அத்தன பேரும் எந்திரிச்சி ஓடுவோம், யாரு புள்ளைய எடுத்துட்டாங்களோன்னு.

— அல்லாவே.

— ரயிலு ஓடலங்கிறாங்களே, எப்படி வந்தீங்க?

— பஸ்ஸில. வெலிமடைக்கு இங்கால ரோட்டு ஒடஞ்சி போச்சி. எறங்கி மூணு மைல் போல நடந்து, பொறகு வேற ஒரு பஸ் புடிச்சன்.

— பக்கத்துக் கடக்காரப் புள்ள ஒரு பைய குடுக்க இம்புட்டுத் தூரம் நடந்து வராது தம்பி. உக்காருங்க.

— அம்மா...

— உக்காருங்கன்னேன். அழுவாதீங்க. இங்க எல்லாரும் அழுது ஓஞ்சி இப்பத்தான் கொஞ்சம் கண்ண மூடியிருக்காங்க.

— ஒங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷமா நானும் அவளும் விருப்பம். அவ ஒங்ககிட்டச் சொல்லப் பயந்தா. நான் முஸ்லிம் எண்டதால. ஏசுறதெண்டா ஏசுங்கம்மா, அடிக்கிறதெண்டா அடிங்க.

— ஏசி என்னா ஆவப்போவுது? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமையில நான் அவளுக்குப் போன் போட்டா, "கடையில சனமா இருக்கும்மா, அப்பறம் பேசுறேன்"னு வச்சிருவா. பின்னால ஒரே காத்துச் சத்தமா கேக்கும். கடைக்குள்ள ஏது அம்புட்டுக் காத்து? அது எந்த எடம்?

— காலிமுகத்திடல்மா. கடல் காத்து.

— கடலா. அங்க போயி என்னா செய்வீங்க?

— ஒண்டும் இல்லம்மா, நடப்பம். பட்டம் விடுறதப் பாப்பம். போன டிசம்பர்லதான் மொதல்ல போனம். டிசம்பர்ல கொழும்பில பின்னேரம் கொஞ்சம் குளிரும், அதுக்கே ஆக்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு வருவாங்க. இவளுக்கு அதப் பாத்தாச் சிரிப்பு. "இதுவா குளிரு? எங்கம்மா காலையில கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போறப்ப வாயத் தொறந்தா பொகையா வரும்" எண்டு சொல்லுவா.

— அப்படியா சொன்னா?

— எப்பவும் ஒங்கட பேச்சுத்தான்.

— என்னா வாங்கிச் சாப்புடுவா?

— இறால் வடை. மொதல் நாள் பயந்திட்டா. முழு இறால் தலையோட வடைக்கு மேல இருக்குமே, "கண்ண முழிச்சி என்னையே பாக்குது, எனக்கு வேணாம்" எண்டா. பொறகு மூணு திண்டா.

— மூணா! வீட்டுல ஒரு ரொட்டியப் பிச்சிப் பாதிய வச்சிட்டு எந்திரிச்சிருவாளே. "அம்மா நீ தின்னு, எனக்குப் பசிக்கல"ம்பா.

— அங்க பசிச்சதும்மா. நல்லாத் திண்டா.

— சொல்லுங்க. வேற எங்க போனீங்க?

— எல்லாம் சொல்லவா?

— ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு இனிமே யாரு சொல்லுவா?

— ஒரு பெரிய கடை ஈக்கி, அஞ்சாறு மாடி. நத்தார், கிறிஸ்மஸ் காலத்தில பின்னேரத்தில மேல இருந்து பனி கொட்டுவாங்க, மெஷினால. வெறும் சோப்பு நொர. சின்னப் புள்ளைங்க எல்லாம் கீழ நிண்டு பாயும். இவ கைய நீட்டி ஏந்தி மோந்து பாத்தா. "உடுப்புத் தொவைக்கிற வாசம் வருதுங்க. எங்க ஊருல நெசப் பனி சும்மாவே விழுது, ஒருத்தரும் கை தட்ட மாட்டாங்க" எண்டா. சொல்லிப்போட்டு அந்தப் புள்ளைங்களோட போய்க் குதிச்சா. தலை, புருவம் எல்லாம் வெள்ள.

— குதிச்சாளா?

— ஓம். வாச்சர் வந்து ஏசுற வரைக்கும்.

— அவ குதிச்சி நான் பாத்ததே இல்ல. அவங்கப்பா செத்தப்ப அவளுக்குப் பத்து வயசு. அன்னையிலேருந்து தண்ணிக் கொடமும் வெறகுமா நிமிந்து நடக்காத புள்ள. அப்பறம்?

— பேர வாவியில படகு. அன்னம் மாதிரி செஞ்சிருக்கும், சைக்கிள் மாதிரி கால மிதிக்கணும். நடு வாவியில ஒரு பக்கத்து மிதி கழண்டு போச்சி. நான் மிதிக்க மிதிக்க அது ஒரே எடத்தில வட்டமாச் சுத்துது. பயந்து என்ட கையப் புடிச்சிட்டா. மன்னிச்சிக்கங்கம்மா.

— கையிதான. புடிக்கட்டும்.

— மழை எண்டா ஒரு எடமும் போக ஏலாது. கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில இருப்பம். பதுளை ரயில் வாறதப் பாக்கோணும் அவளுக்கு. எறங்குற ஒவ்வொரு ஆள்ட மொகத்தையும் பாப்பா. தெரிஞ்ச ஆள் வந்தா ஒளியுறதுக்கு எண்டு நான் நெனச்சன். கேட்டா, "இல்ல, அவங்க சட்டையில எங்க ஊரு குளிரு இன்னும் ஒட்டியிருக்கும், அதத்தான் பாக்குறேன்" எண்டு சொன்னா. லூசு எண்டு சிரிச்சன் நான்.

— இந்த வருசமும் போறதுக்கு நெனச்சிருந்தீங்களா?

— அவ போன்ல ஒரு லிஸ்ட்டே எழுதி வச்சிருந்தா. டிசம்பரில் போக வேண்டிய இடங்கள் எண்டு பேர் வேற போட்டு. அந்தப் போனும் மண்ணுக்குள்ளதான். எனக்கு அது மனப்பாடம்மா. தாமரைக் கோபுரத்தில ஏறோணும். போன வருஷம் கீழ நிண்டு கழுத்து வலிக்கப் பாத்திட்டு வந்திட்டம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல பாலன் குடில் பாக்கோணும். ஏசி தியேட்டர்ல படம் பாக்கோணும், அதுக்கு இங்க இருந்து கொண்டு வந்த ஜெர்சியப் போடோணும். கடைசியா எழுதினது... வேணாம், சொன்னா ஒங்களுக்குத் தாங்காது.

— சொல்லுங்க சாமி.

— "அம்மாவுக்குக் கடல் காட்டணும்."

— எனக்கா?

— ஓம். நத்தார் லீவுக்கு ஒங்களக் கூப்பிட இருந்தா. என்னைப் போர்டிங் அக்காட தம்பி எண்டு சொல்லி, நானும் கூட வரோணுமாம். மூணு பேரும் காலிமுகத்திடலுக்குப் போறதாம். நான் ஒங்களுக்கு இறால் வடை வாங்கித் தாறதாம். ஒரு ரெண்டு மூணு தரம் பேசிப் பழகினா ஒங்களுக்கு என்னப் புடிச்சிரும், அதுக்குப் பொறகு மெதுவாச் சொல்லுவம் எண்டு சொன்னா.

— நான் கடல் பாத்ததில்ல. பண்டாரவளை, பதுளை. ஒருக்கா மொனராகலை வழியாக் கதிர்காமம். அம்புட்டுத்தான்.

— தெரியும்மா, சொல்லியிருக்கா.

— என்னையக் கூட்டிட்டுப் போகணும்னு எழுதி வச்சிருந்தாளா. எப்ப எழுதுனா?

— ஊருல இருந்து அவளுக்கு அந்தப் போன் கோல் வாறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி.

— ம்.

— அத நான் ஒங்ககிட்டச் சொல்லத்தான் வேணும். பை ஒரு சாட்டும்மா. நான் வந்தது அதச் சொல்லத்தான். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரம். கோட்டையில நத்தாருக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தாங்க, நாங்க பாத்துக்கொண்டு நிண்டம். ரெங்கம்மா எண்டு ஒங்கட கீழ லயத்து ஆள் போன் எடுத்தாங்க. அம்மா நெஞ்சு வலி எண்டு படுத்திருக்கா, ஆஸ்பத்திரிக்கு வா எண்டா வாறா இல்ல, மக வந்தாத்தான் வருவாளாம் எண்டு. இவ நிண்ட எடத்திலயே குந்திட்டா.

— குந்திட்டாளா.

— ரேடியோவில மழை, மண்சரிவு எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாங்க. அவ கேட்டா, "போகவா, மழை விட்டதும் போகவா" எண்டு. நான்தான் சொன்னன், "உம்மாவுக்கு ஒண்டு எண்டா மழையப் பாக்கிறதா? போ" எண்டு. விடிய மொத ரயில்ல ஏத்தி, ஜன்னல்கிட்டச் சீட் புடிச்சிக் குடுத்தது நான். அவள மண்ணுக்குள்ள அனுப்பினது நான்தாம்மா. ஒரே ஒரு நாள் மறிச்சி வச்சிருந்தா...

— அப்படிச் சொல்லாதீங்க தம்பி.

— வேற எப்பிடிச் சொல்ல? பண்டாரவளையில எறங்கி எனக்கு ஒருக்கா போன் எடுத்தா. "பஸ் இல்ல, நடந்து போறேன், அம்மாவப் பாத்துட்டு எடுக்கிறேன்." அவ்வளவுதான். பொறகு லைன் இல்ல. ஒங்களப் பாத்தாளா எண்டு கூட எனக்குத் தெரியாது.

— பாத்தா. ஊறிப் போயி வந்தா. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சிருந்துச்சி.

— என்ன சொன்னா?

— வாசல்ல நின்னு என் மூஞ்சியவே பாத்தா. அப்பறம் உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா.

— ஏன்? ஒங்களுக்கு சொகமில்ல எண்டு அழுதுகொண்டெல்லோ வந்தவ?

— தட்டினேன். தேத்தண்ணியாச்சும் குடி சாமின்னேன். தொறக்கல. அவ ஆத்திரம் ஆறட்டும்னு கீழ லயத்துக்கு எறங்கி ரெங்கம்மா வீட்டுல போயிப் படுத்தேன். வெள்ளன ஒரு சத்தம். வெளிய வந்து பாத்தா மேல எங்க லயத்து வீடுங்க இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல.

— என்ன ஆத்திரம்மா அவளுக்கு? நெஞ்சு வலியோட நீங்க எப்பிடி அந்த மழையில கீழ எறங்கினீங்க?

— எனக்கு ஒரு வலியும் இல்ல தம்பி, என்னையப் பாத்ததுமே அவளுக்கு அது தெரிஞ்சி போச்சி. கொழும்புல வேல செய்ற எங்க அண்ணன் போன மாசமே கடக்கரையில ஒங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்து ஒங்க பேரு மொதக்கொண்டு சொல்லிட்டாரு. ஒங்ககிட்டேருந்து அவளப் பிரிச்சிக் கூட்டியாறதுக்கு ரெங்கம்மாவ அப்படிப் பேச வச்சது நாந்தான்.