பென்சில் டாக்டர் கையெழுத்திட்ட கடைசி ரிப்போர்ட்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, ஆய்வகத் தோழர்களே, அவர் எழுதிய ரிப்போர்ட்டால் பிழைத்து இன்று இங்கே வந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு விஷயத்தை இங்கே பேச வேண்டாம் என்று இருவர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். பேசத்தான் போகிறேன். அது அவர் கடைசியாகக் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டைப் பற்றியது. அதை நம்பி ஒரு பள்ளி ஆசிரியை நம் மூன்றாம் மாடியில் படுத்திருக்கிறார்.

யார் இந்த டாக்டரம்மா, நம் பென்சில் டாக்டர்? கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் படம் பிடித்து, அச்செடுத்து, பெருகும் செல் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் கோடு போட்டு எண்ணியவர். பார்த்த மாத்திரத்தில் இத்தனை சதவீதம் செல் பெருகுகிறது என்று எழுதிவிடும் எங்களுக்கு அது வேடிக்கை. "மேடம் இன்னும் ரெண்டாங்கிளாஸ் கணக்கையே முடிக்கல" என்று நானே சிரித்திருக்கிறேன்.

ஒரு பஸ் டிரைவரின் கணையக் கட்டி அந்தச் சிரிப்பை நிறுத்தியது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் முளைத்து வேகமாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் செல்லின் வடிவம் கெடுவதில்லை. மற்றது வடிவமே குலைந்த புற்று. முதல் வகைக்கு இரண்டாவதன் கடும் மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் உடம்புதான் நோகும், கட்டி அசையாது. இரண்டாவதற்குத் தாமதித்தால் ஆளே மிஞ்சுவது கடினம்.

நான் கண்ணால் பார்த்து, எழுபது சதவீதம், குலைந்த வகை என்று எழுதிவிட்டேன். மறுநாள் மருந்து ஏற்றப் படுக்கை தயார். டாக்டரம்மா படத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"பெருகுற செல்லுன்னு நீ எண்ணுன இந்தப் பழுப்புப் புள்ளியில பாதி கட்டியோட செல்லே இல்லப்பா. உள்ள புகுந்த வெள்ளணு. வந்த விருந்தாளியையும் வீட்டாளுன்னு எண்ணி வச்சிருக்க."

புற்றுநோய் மருத்துவர் போனில் கொதித்தார். "தள்ளிப்போட்டு ஆளு போயிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். ஒரு நாள் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த ஒரு நாளை நான் எப்படிக் கழித்தேன்? அவர் மேசையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான். அவர் எண்ணி முடித்தபோது முப்பத்து நான்கு சதவீதம். செல்லின் வகையைக் காட்டும் இரண்டு சாயங்களும் போட்டுப் பார்த்தார். வடிவம் கெடாத வகை. அந்த டிரைவர் பிறகு நான்கு வருடம் பஸ் ஓட்டினார். என் தவறை என் பெயரோடே ரிப்போர்ட்டில் எழுதினார் டாக்டரம்மா. மூக்கறுபட்டது போல இருந்தது. ஆறு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை நான்.

இப்போது ஆசிரியைக்கு வருகிறேன். ஐந்து வாரத்துக்கு முன், மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து, ஆசிரியையின் கட்டி வடிவம் கெடாத வகை என்று டாக்டரம்மா கையெழுத்திட்டார். அதற்கான மருந்து பிடிக்கவில்லை. கட்டி வளர்ந்தது. முந்தாநாள் அந்த ஸ்லைடுகளை மறுபடி எடுத்தேன். ஓர் ஓரத்தில் குலைந்த செல்கள். என் கண்தான் பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். நேற்று மாலை சாயமும் அதையே சொன்னது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது நம் ஆனை.

"போனவங்க கையெழுத்து. கூட்டம் முடியட்டுமே" என்றார்கள் அந்த இருவரும். மரியாதைக்காகத்தான் சொன்னார்கள். எனக்கும் அந்தச் சபலம் இருந்தது. இன்று காலை அவர் மகளுக்குப் போன் செய்தேன்.

"அங்கிள், அந்த டீச்சருக்கு எத்தனை நாள் வீணாயிருக்கு?"

"முப்பத்தஞ்சு நாள்மா."

"அப்ப ஏன் எங்கிட்ட கேட்டுட்டு நிக்கிறீங்க?"

பத்து மணிக்குத் திருத்திக் கையெழுத்திட்டேன்.

டாக்டரம்மா, உங்கள் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொடர்வது என்றால் என்ன? உங்கள் படத்துக்கு மாலை போடுவதா? இனி நம் ஆய்வகத்தில் எந்த ரிப்போர்ட்டும் எழுதியவர் பெயரால் மறுபரிசோதனையிலிருந்து தப்பிக்காது. இதுதான் எங்கள் உறுதிமொழி.

கூட்டம் முடியும்வரை நான் இருக்கப்போவதில்லை, மன்னியுங்கள். புது மருந்து மாலையில் தொடங்க வேண்டும். அது பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் ஆசிரியையின் கணவரைப் பார்க்க வேண்டும்; என் அறை வாசலில் காத்திருக்கிறார். யார் செய்த தவறு என்று கேட்பார். டாக்டரம்மா, நான் உங்கள் பெயரைச் சொல்லப் போகிறேன்.